மாவுக்கட்டு அக்காவின் இரண்டு இருக்கை வண்டி

எங்கள் மருத்துவமனையில் மாவுக்கட்டு அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். ஊழியர் அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். எலும்பு முறிந்து வருகிறவர்களை நான் எக்ஸ்ரே எடுத்து அனுப்புவேன். டாக்டர் எலும்பை நேர்ப்படுத்துவார். அதற்குப் பிறகு அவர்கள் அக்காவின் கைக்குப் போவார்கள்.

அக்காவின் அறையில் எப்போதும் நனைந்த சுண்ணாம்பு வாசனை இருக்கும். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர். மாவுத் துணிச் சுருளை அதில் முக்கினால் அடியில் மீன் மூச்சு விடுவதுபோல் குமிழிகள் கிளம்பும். குமிழி நின்றதும் எடுத்து, லேசாகப் பிழிந்து, காலிலோ கையிலோ சுற்ற ஆரம்பிப்பார். "அசையாதீங்க. கொஞ்ச நேரம், அசையாதீங்க." ஈர மாவு இறுகும்போது உள்ளே சூடேறும். "ஐயோ, சுடுதே!" என்று பயப்படுகிறவர்களிடம், "இப்பத்தான் அதுக்கு உயிர் வருது. ஆறிடும், விடுங்க" என்பார். ஊரில் பாதிப் பேரை ஏதோ ஒரு காலத்தில் நகர முடியாமல் கட்டிப்போட்டவர் அவர். அவரிடம் கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது என்றால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

அது முன்பு எங்களிடம் இருந்த எலும்பு டாக்டரின் கார். மிகப் பழையது. இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பச்சையா நீலமா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாத நிறம். காலையில் ஒன்றாக இருக்கும், சாயங்காலம் வேறாகிவிடும். அது மருத்துவமனையின் பின்பக்கம் நிற்கும்போதெல்லாம் அக்கா மிச்சத் துணியால் அதன் விளக்குகளைத் துடைத்துவிடுவார். டாக்டர் ஊரைவிட்டுப் போன அன்று சாவியைக் கொண்டுவந்து அக்காவின் மேசைமேல் வைத்தார்.

"இத ஆசையாத் தொட்டது நீங்க ஒருத்தர்தான்மா. வச்சுக்கோங்க."

அதற்குப் பிறகுதான் அக்கா கார் ஓட்டவே கற்றுக்கொண்டார்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் ஏறுகிறார் என்றால் பஸ்ஸே முதுகை நிமிர்த்திக்கொள்ளும் என்பார்கள். கண்ணில் நரம்பு கெட்டு, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியதால் முன்னதாகவே ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான். ஆனால் ஊர்ச் சாலைகள் எல்லாம் அவர் உடம்புக்குள் இருந்தன. எந்த வளைவில் பஸ் எந்தப் பக்கம் சாயும், எந்தப் பள்ளத்தில் தூக்கிப்போடும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார்.

கார் வந்த புதிதில் இருவரும் விடுமுறை நாளெல்லாம் கூரையைத் திறந்துகொண்டு சுற்றினார்கள். பிறகு வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. கொஞ்சம் சூடானால் இருமும். லேசான தூறல் விழுந்தால் படுத்துவிடும். மெக்கானிக், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பாயின்ட்டைக் காட்டினார். எஞ்சின் சுற்றச் சுற்ற இரண்டு சின்ன உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலக வேண்டும்; ஒவ்வொரு விலகலுக்கும் பிளக்கில் ஒரு பொறி. அந்த முனைகள் கருகிப்போயிருந்தன. உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். ஒரு வாரம் ஓடியது. மறுபடி தேய்த்தார். மறுபடி இருமியது.

ஒரு நாள் ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில், மூடுபனியும் தூறலுமாக இருந்த நேரத்தில், கார் ஒரே மூச்சில் அடங்கிப்போனது. பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. ஒரு பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி ஓடிவந்தார். உள்ளே உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்ததும் அவருக்குக் கை தானாகவே சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று.

"சார்... நீங்களா? தள்ளட்டுமா சார்?"

பஸ் பயணிகள் எல்லாம் இறங்கித் தள்ளினார்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். அக்கா வண்டியை ஷெட்டில் விட்டு, மேலே பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினார்.

"எலெக்ட்ரானிக் பெட்டின்னு ஒண்ணு வருதுக்கா" என்றார் மெக்கானிக். "பாயின்ட்டே வேணாம். தேயறதும் இல்ல, கருகறதும் இல்ல. ஆனா இவ்ளோ பழைய வண்டியில நான் கை வைக்கமாட்டேன். ஏதாவது ஆச்சுன்னா உங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

அக்கா அந்தப் பெட்டியை வரவழைத்தார். உள்ளங்கை அகலத்தில் கறுப்பு அலுமினியப் பெட்டி, முதுகில் சீப்புப் பற்கள்போல் வரிவரியாக. வந்ததைப் பிரித்துப் பார்த்தார். பயமாக இருந்தது. பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் ஒரு பழக்கம் ஏற்பட்டது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் போர்வையை விலக்கி, நிற்கிற காரிலேயே உட்காருவார்கள். ஷெட்டின் தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் காசுகாசாக விழும். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். கியரை மாற்றுவார். வண்டி அசையாது. ஆனாலும் போய்க்கொண்டிருப்பார்கள்.

"எங்க வந்திருக்கோம்?"

"மார்க்கெட் தாண்டிட்டேங்க."

"அப்ப ஒரு வளைவு வரணுமே. நீ திருப்பவே இல்லையே?"

அக்கா அவசரமாகத் திருப்புவார். மாமா சமாதானமாகித் தோளை வளைவுக்கு ஏற்றபடி சாய்த்துக்கொள்வார். சில நாள் நூல் ஆலை வரைக்கும் போவார்கள். சில நாள் நெடுஞ்சாலையில் ஏறுவார்கள். பாலத்துக்கு மட்டும் போவதில்லை. "எனக்கு உண்மையா காத்து அடிக்கும்டா. முடி பறக்கும். கை வச்சு ஒதுக்கிக்குவேன்" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். வெட்கப்பட்டுச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் சம்பந்தி காலை உடைத்துக்கொண்டார்.

அக்காவின் மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா அவர். மனைவி இல்லை. ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பெண் பார்க்க வந்த அன்றே ஷெட்டை எட்டிப் பார்த்து, "இது என்ன, ஓடுமா? இல்ல, பூந்தொட்டி வைக்கவா?" என்று கேட்டுவிட்டார். அக்காவின் முகம் சுண்டிப்போனது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகளும் மாப்பிள்ளையும் தூரதேசத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து இவர்களுக்குள் பேச்சு என்றால், "சாப்டீங்களா?", "ஆச்சுங்க", அவ்வளவுதான்.

அவர் குடியிருப்பது அடுக்குமாடியின் உச்சியில். அந்தக் கட்டடத்தின் லிஃப்டைக் கழற்றிப் புதிதாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். படியில் இறங்கும்போது கணுக்காலை முறித்துக்கொண்டார். நான்தான் படம் எடுத்தேன். அடுத்த அறையில் அக்கா வாளியோடு நின்றிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அசையாதீங்க, அண்ணே."

"எங்க அசையறது, சம்பந்தியம்மா?"

கட்டுப்போட்ட காலோடு அத்தனை மாடி ஏறுவது நடக்காத காரியம். "லிஃப்ட் மெக்கானிக்குக்கே லிஃப்ட் இல்லாமப் போச்சு, பாத்தியா" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அக்கா வீட்டின் முன்னறை அவருக்கு ஒதுக்கப்பட்டது.

முதல் சில நாட்கள் மூவரும் ரேடியோவைக் கேட்டபடி மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் மாமாவும் தங்கள் பயணத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். ஆனால் எவ்வளவு நாள் நிறுத்த முடியும்? ஒரு சாயங்காலம் சம்பந்தி அசந்து தூங்குகிறார் என்று நினைத்து ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு நல்ல மழை. தகரம் முழுக்க ஒரே சத்தம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "லாரி வருது, ஒதுங்கு" என்றார். அக்கா ஒதுங்கினார். திரும்பிப் பார்த்தால், ஷெட் வாசலில் ஊன்றுகோலோடு சம்பந்தி நின்றிருந்தார்.

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. என்ன சொல்வது? ஸ்டியரிங்கை விடவும் தோன்றவில்லை.

சம்பந்தி நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எதுவரைக்கும் போறீங்க?" என்றார்.

மாமா சளைக்காமல், "டோல்கேட் வரைக்கும், சம்பந்தி. டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார்.

சிரித்தது யார் முதலில் என்று அக்காவுக்கு நினைவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சம்பந்தி தானாகவே பேச்சை எடுத்தார். "வண்டிக்கு என்ன சீக்கு?" அக்கா பாயின்ட்டைப் பற்றிச் சொன்னார். எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து, அந்துருண்டை வாசனையோடு பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதை ஒரு பறவைக் குஞ்சைப்போல் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லிஃப்ட்லயும் இப்படித்தான். முன்னெல்லாம் தொட்டு விலகற முனைங்க. அப்புறம் எல்லாம் இந்த மாதிரிப் பெட்டி ஆயிடுச்சு. போட்டுருவோம், சம்பந்தியம்மா. கை உங்களுது, கண்ணு என்னுது."

அடுத்த விடுமுறை நாளில் ஆரம்பித்தார்கள். சம்பந்தி முக்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை ஒரு பெயின்ட் டப்பாமேல் நீட்டிக்கொண்டார். அக்கா குனிந்து வேலை செய்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, கருகிய பாயின்ட்டைக் கழற்றினார். அந்த இடத்தில் பெட்டியோடு வந்த, காந்தத்தை உணர்கிற சின்னப் பாகத்தைப் பொருத்தினார். நடுத் தண்டில் ஒரு காந்த வளையத்தைச் செருகினார். பெட்டியை எஞ்சின் சூடு படாத ஓரச் சுவரில் திருகினார். வயர்களை அவர் மாவுத் துணி சுற்றுகிற மாதிரியே, மடிப்பு விழாமல், ஒரே இழுப்பில் சுற்றி எடுத்துப்போனதைப் பார்த்து சம்பந்தி, "அட!" என்றார்.

"கறுப்பு வயர் பாடியில. சிவப்பு, சாவி போட்டா கரன்ட் வர்ற இடத்துல. அவ்ளோதான். சாவியப் போடுங்க."

அக்கா சாவியைத் திருப்பினார். டப் என்று ஒரு சின்னச் சத்தம். பெட்டியின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு நூல் கிளம்பி, வெளிச்சக் காசுகளுக்கு நடுவே நெளிந்து மேலே போயிற்று.

"என்னமோ கருகற வாசனை வருதே" என்றார் மாமா.

பேட்டரி இருக்கைக்குப் பின்னால் இருந்தது. அதன் முனைகளில் பழைய கிரீஸ் அப்பியிருந்ததால் எது பிளஸ், எது மைனஸ் என்று இருவரும் பார்க்கவேயில்லை. இந்தக் கால வண்டிகளில் பேட்டரியின் மைனஸ்தான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். இந்த வண்டியைச் செய்த காலத்தில் அதைத் தலைகீழாகச் செய்திருந்தார்கள்; பிளஸ் உடம்போடு. கரன்ட் பின்பக்கமாகப் பாய்ந்ததில் பெட்டி ஒரு நொடியில் செத்துப்போனது.

சம்பந்தி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய்ச் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா காபியோடு போனார்.

"எங்கண்ணே கெளம்பறீங்க?"

"படியிலயே உக்காந்து உக்காந்து ஏறிடுவேன். வாய் கிழியப் பேசிட்டு உங்க சாமான எரிச்சுட்டேன். அன்னைக்கும் அப்படித்தான், வந்த எடத்துல வாயக் கொடுத்தேன்."

"நானுந்தான் பாக்கல. ரெண்டு பேரும் சேர்ந்துதானே எரிச்சோம்?" அக்கா பையிலிருந்து சட்டைகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். "காபி ஆறுது. குடிங்க."

அவர் குடித்தார். இரண்டாவது பெட்டியைத் தானே வரவழைப்பதாகப் பிடிவாதம் பிடித்தார். அக்கா தடுக்கவில்லை.

பெட்டி வருவதற்குள் கட்டுப் பிரிக்கிற நாள் வந்துவிட்டது. மாவுக்கட்டை வெட்டுகிற ரம்பம் சதையை வெட்டாது, அதிரத்தான் செய்யும். ஆனால் அதன் இரைச்சலைக் கேட்டதும், ஆழக் கிணறு மாதிரியான லிஃப்ட் குழிகளில் ஒற்றைக் கம்பியில் தொங்கி வேலை பார்த்த மனிதர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அம்மா, தாயே, பாத்து" என்று கண்ணை மூடிக்கொண்டார். கட்டு இரண்டு ஓடுகளாகப் பிரிந்தது. உள்ளே கால் வெளுத்து, மெலிந்து, புதிதாகப் பிறந்ததுபோல் இருந்தது.

புதுப் பெட்டி வந்ததும் அந்தக் காலோடுதான் அவர் காருக்குள் குனிந்தார். இந்த முறை முதலில் பேட்டரியைத் துடைத்தார்கள். அதைக் கழற்றி, முனைகளை மாற்றி, மைனஸை உடம்போடு சேர்த்தார்கள். பொறிக்குச் சக்தி ஏற்றிக் கொடுக்கிற காயிலின் வயர்களை இடம் மாற்றினார்கள். பேட்டரியை நிரப்புகிற டைனமோவுக்கும் புதுத் திசையைப் பழக்க வேண்டியிருந்தது. பேட்டரியிலிருந்து ஒரு வயரை அதன் முனையில் தொட்டுத் தொட்டு எடுத்தார் சம்பந்தி. "இத்தனை வருஷம் எடது பக்கமாத் தூங்குனவன வலது பக்கம் திருப்பிப் படுக்க வைக்கிறோம்" என்றார். ஒவ்வொரு இணைப்பையும் அக்கா வாய்விட்டுச் சொன்னார். அவர் கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் முடிந்து, கடைசியாகப் பெட்டியின் சிவப்பு வயரை மாட்டி, அக்கா சாவியைப் போட்டார்.

புகை வரவில்லை.

எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் பொறியைப் பார்க்க வேண்டும் என்றார் சம்பந்தி. ஷெட் கதவைச் சாத்தினார்கள். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின்மேல் படுக்கவைத்தார்கள். அக்கா சாவியைத் திருப்பினார். முன்பெல்லாம் வந்தது மஞ்சளாக, இழுத்துக்கொண்டு, சாகக் கிடக்கிற தீக்குச்சி மாதிரி. இப்போது வந்தது நீலம். பட், பட், பட் என்று தடித்த நீலம். இருட்டில் அந்தச் சின்ன இடம் மட்டும் ஏதோ ஒரு கிரகத்தின் மழைக்காலம்போல் மின்னி மின்னி மறைந்தது.

"தெரிஞ்சுது" என்றார் மாமா. "நீலமா."

"சம்பந்தி, நீங்க அந்தப் பக்கம்ல பாத்துட்டிருந்தீங்க?" என்று மாமாவைக் கேட்டார் சம்பந்தி.

"அந்தப் பக்கம் பாத்தும் தெரிஞ்சுதுங்கறேன்!"

பிளக்கை மாட்டி, கதவைத் திறந்து, கிளப்பினார்கள். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. சம்பந்தி டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் அளவு இந்தப் பக்கம், ஒரு நூல் அளவு அந்தப் பக்கம் திருப்பினார். சத்தம் கரடுமுரடாக இருந்து, மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒரே இழையாக ஆயிற்று. அந்த இடத்தில் திருகை இறுக்கினார். வயிறு நிறைந்த பூனை மாதிரி கார் உறுமிக்கொண்டே நின்றது. அக்கா அதன் மூக்கில் கையை வைத்துப் பார்த்தார். உள்ளங்கை வழியாக அந்த உறுமல் தோள்வரை ஏறியதாம்.

மறுநாள் விடியற்காலை. மாமாவுக்குச் சட்டை எடுத்துவைத்துவிட்டு அக்கா கூப்பிட்டார். அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு நீ மட்டும் போ."

"என்னங்க, வெளையாடறீங்களா?"

"பக்கத்துல நான் இருந்தா, இங்க திரும்பு, அங்க ஒதுங்குன்னு சொல்லிட்டே இருப்பேன். நீ ஒரு நாளாவது யார் பேச்சையும் கேக்காம ஓட்டிட்டு வா."

அக்கா யோசித்துப் பார்த்தார். அந்த வண்டியில் அவர் ஒரு தடவைகூடத் தனியாகப் போனதில்லை.

தெருவில் இன்னும் விளக்குகள் அணையவில்லை. மூடுபனியில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வளையம் இருந்தது. அக்கா கூரையைத் திறந்தே போனார். மார்க்கெட், மூடிய கடைகள், பால் வண்டி, எல்லாம் தாமாகவே வந்து தாமாகவே விலகின. பாலம் வந்தது. தூறலும் வந்தது. கார் இருமவில்லை. கீழே ஆறு தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மேகத்தின்மேல் ஓட்டிப்போகிறோமா என்று ஒரு கணம் சந்தேகம் வந்ததாம். அப்போது சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் தோன்றவில்லையாம்.

கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டினார். அதற்கு மேல் மாமாவின் உடம்புக்குள்ளும் சாலை இல்லை. இரண்டு பக்கமும் நாணல். நடுவில் ஈரமான தார். எங்கேயோ ஓரிடத்தில் ஓரம்கட்டினார். சாவியைப் பார்த்தார். நிறுத்தினால் மறுபடி கிளம்புமா? கையை எடுத்து மடியில் வைத்தார். மறுபடி சாவியின்மேல் வைத்தார். பிறகு அணைத்துவிட்டார்.

அப்படியொரு அமைதியை அதற்கு முன் கேட்டதில்லை என்றார். எஞ்சின் ஆறுகிற சத்தம் டிக் டிக்கென்று கொஞ்ச நேரம் வந்தது, அதுவும் நின்றது. நாணலில் இருந்து ஒரு கொக்கு எழுந்து போயிற்று. தலையெல்லாம் பனி. எவ்வளவு நேரம் இருந்தார் என்று அவருக்கே தெரியாது. குளிர ஆரம்பித்ததும் சாவியைத் திருப்பினார். கிளம்பியது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் இரண்டு ஆண்களும் காபி டம்ளரோடு நின்று, வண்டிச் சத்தம் எந்தத் தெருவில் திரும்பியபோது முதலில் கேட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

புது லிஃப்ட் ஓட ஆரம்பித்ததும் சம்பந்தியை அக்காவே காரில் கொண்டுபோய் விட்டார். மழை பெய்தது, இருமலே இல்லை. அவர் அக்காவை மேலே அழைத்துப்போய்த் தன் வீட்டுப் பால்கனியைக் காட்டினார். அத்தனை உயரத்தில் அக்கா அதற்கு முன் நின்றதில்லை. பாலத்துக்கு அப்பால் ஆறு இரண்டாகப் பிரிவதும், நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு இருப்பதும் அங்கிருந்துதான் தெரிந்தது.

"அங்க போறதுக்கு ரோடு இருக்காண்ணே?"

"தெரியலையேம்மா. இத்தனை வருஷமாப் பாக்கறேன், கேக்கணும்னு தோணல."

மாமாவிடம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. அடுத்த விடுமுறை நாளில் அக்காவும் மாமாவும் அந்த வழியைத் தேடிப் புறப்பட்டார்கள். அன்றைக்கு ஒருவர் எலும்பு முறிந்து வர, எங்கள் டாக்டர் அவசரமாக ஆள் அனுப்பியும் அக்கா அகப்படவில்லை. அந்த மாவுக்கட்டை நான்தான் போட்டேன், கோணலாக.